கடவுச்சீட்டு வேறு, பாஸ் வேறு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு சின்னக் கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுத்தல், இதுதான் தொழில். கடவுச்சீட்டுக்கான 'கே 35 ஏ' படிவத்தை எத்தனை பேருக்கு நிரப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. போன மாதம் ஓர் அலுவலகத்தின் அறிவித்தலை ஒருவர் கொப்பி எடுக்கக் கொண்டுவந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். 'வெளிநாட்டுப் பயண அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொள்ளும் பொருட்டு வருகை தருவோர்' என்று தொடங்கியது. கடவுச்சீட்டைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். இந்தச் சொல்லை முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன், இரண்டாம் தடவை பேசாமல் விட்டேன், இது எத்தனையாவது தடவை என்று தெரியாது, ஆனபடியால் எழுதுகிறேன்.

கடையில் அப்போது தருமபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். எழுபது வயதுக்குக் கிட்ட. மகள் கனடாவில், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும். நான் அந்த அறிவித்தலைச் சத்தமாக வாசித்ததைக் கேட்டவர் கையிலிருந்த சொப்பிங் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பயண அனுமதியோ? அப்ப தம்பி, பிணைக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது?"

வெளியூர்க்காரருக்கு இந்தக் கேள்வி விளங்காது. வன்னியில் இருந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளிக்கிட வேண்டுமென்றால் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும், போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். அந்தப் பக்கம் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே தங்க, மேலே போக ஆமியிடம் இன்னொரு பாஸ். ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் சரி, கலியாண வீட்டுக்குப் போவதானாலும் சரி, எங்கள் ஊரில் 'பயண அனுமதி' என்றால் அந்தத் துண்டுதான். போகலாமா கூடாதா, எத்தனை நாளைக்கு என்று வேறொருவர் முடிவெடுக்கும் கடதாசி. அந்த அம்மாவின் காதில் அதுதான் விழுந்தது. பிழை அவர் காதில் இல்லை, எழுதியவர் கையில்.

சரி, சொல்லுக்கு வருவோம். பாஸ்போட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முன்பாதி கடந்துபோதல். பின்பாதி துறைமுகம் என்பார் ஒருசாரார், நகரவாசல் என்பார் இன்னொருசாரார். எதுவென்றாலும் துறையையோ வாசலையோ கடந்துபோவதற்கான தாள். தமிழில் 'கட'விலிருந்து கடவு, அதாவது வழி, கடந்துபோகும் இடம். மலையாளத்தில் இன்றைக்கும் தோணித்துறைக்குக் கடவு என்றுதான் பெயர். எங்களுக்கு இது வெறும் அகராதிச் சொல் இல்லை. வேலியில் காலைத் தூக்கி வைத்து உள்ளே போகிற இடைவெளி கடப்பு, கடவை. வீதியில் பாதசாரிக் கடவை, தண்டவாளத்தில் புகையிரதக் கடவை. ஆடு கடக்கிற இடத்துக்கும் ரயில் கடக்கிற இடத்துக்கும் பொருந்துகிற வேர், நாடு கடக்கிற புத்தகத்துக்குப் பொருந்தாதா என்ன?

வேரைப் பற்றிப் பேசும்போது ஆனையிறவை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 'இறத்தல்' என்பதற்குப் பழந்தமிழில் கடந்துபோதல் என்றும் பொருள். சங்கப் பாட்டில் தலைவன் 'சுரம் இறந்தான்' என்றால் பதறக்கூடாது, பாலை நிலத்தைத் தாண்டிப் போயிருக்கிறான், அவ்வளவுதான். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள், அதாவது வன்னியின் குறுநிலத் தலைவர்கள், திறையாகக் கொடுத்த யானைகள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போனது அந்த வழியால். ஆனை கடந்த இடம் ஆனையிறவு, வெள்ளைக்காரன் வாயில் அது எலிபன்ட் பாஸ். ஆனைக்குப் பாஸ் தேவைப்படவில்லை, பிறகு வந்த மனிசருக்குத்தான் தேவைப்பட்டது.

இப்போது 'பயண அனுமதிப்பத்திரம்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சிங்களத்தில் கடவுச்சீட்டுக்குப் பெயர் 'விதேஸ கமன் பலபத்திரய'. விதேஸ என்றால் வெளிநாடு, கமன் என்றால் பயணம், பலபத்திரய என்றால் அனுமதிப்பத்திரம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் சிங்களத்தில் இதே பலபத்திரய தான். மொழிபெயர்ப்பாளர் மூன்று சொல்லையும் எடுத்து வரிசை மாறாமல் தமிழில் அடுக்கிவிட்டார், வேலை முடிந்தது. சிங்களவரிடம் எனக்குக் குறை இல்லை, அது அவர்கள் மொழியில் நிலைத்த பெயர், அவர்களும் கடைத்தெருவில் பாஸ்போட் என்றுதான் சொல்கிறார்கள். குறை மொழிபெயர்ப்பாளரிடம்தான். இலங்கைக் கடவுச்சீட்டின் அட்டையில் மூன்று மொழியிலும் பெயர் அச்சாகியிருக்கிறது. தமிழில் கடவுச்சீட்டு என்றே இருக்கிறது. அரசாங்கமே அட்டையில் பொறித்துத் தந்த சொல்லை விட்டுவிட்டு, லாச்சிக்குள் கிடக்கும் தன் சொந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பார்க்காமல், புதிதாக ஒன்றைச் செய்து ஒட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நீளத்தை மன்னிக்கலாம். பொருள் பிழை, அதைத்தான் மன்னிக்க முடியாது. கடவுச்சீட்டு யாருக்கும் எந்த நாட்டுக்குள்ளும் போக அனுமதி தருவதில்லை. அது இரண்டு விஷயத்தைச் சொல்கிறது: இவர் இன்னார், எங்கள் ஆள். இவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள் என்று பிற நாட்டாரைக் கேட்கும் வாசகம் பல நாட்டுக் கடவுச்சீட்டுகளின் உள்ளே இருக்கும். கேட்பதுதான், கட்டளை இல்லை. விடுவதா வேண்டாமா என்பது போய் இறங்குகிற நாட்டின் பாடு, அந்த நாடு தருவதுதான் அனுமதி, அதன் பெயர் வீசா. புத்தகத்துக்கே அனுமதி என்று பெயர் வைத்துவிட்டால் வீசாவுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அனுமதியின் அனுமதியா?

இந்தக் குழப்பத்தில் லாபம் பார்ப்பவன் ஏஜென்சிக்காரன். "பாஸ்போட் வந்திட்டுதெல்லோ, அனுமதி கிடைச்ச மாதிரித்தான்" என்று சொல்லி முற்பணம் வாங்கியவர்களை நான் இந்தக் கடையிலேயே கண்டிருக்கிறேன். காணி ஈடுவைத்துக் காசு கொடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. போர் முடிந்த பிறகும் வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதியில் ஓமந்தைச் சோதனைச்சாவடி 2015 வரை இருந்தது. 2014 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்கே வருவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று மறுபடி கட்டுப்பாடு போட்டார்கள், 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் எடுத்தார்கள். லண்டனிலிருந்து வந்தவரிடம் கடவுச்சீட்டு இருக்கும், வீசாவும் இருக்கும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சீலும் குத்தியிருப்பார்கள். அமைச்சின் கடதாசி இல்லையென்றால் சொந்தத் தாயைப் பார்க்க ஓமந்தையைத் தாண்ட முடியாது. இந்த மொழிபெயர்ப்பின்படி எழுதினால், 'பயண அனுமதிப்பத்திரம் வைத்திருந்தும் பயண அனுமதி இல்லாதபடியால் திருப்பி அனுப்பப்பட்டார்' என்று வரும். வாசிக்கிறவனுக்குத் தலை சுற்றாதா?

இன்னொரு கட்சியும் இருக்கிறது. தமிழ் படித்த நண்பர் ஒருவர், 'சீட்டு என்பது ஒற்றைத் துண்டு, இது புத்தகம், ஆகவே கடவேடு என்க' என்கிறார். சொல் வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கடவுச்சீட்டும் ஒரு காலத்தில் ஒற்றைத் தாள்தான். 1920-ல் பாரிஸில் கூடிய மாநாட்டுக்குப் பிறகுதான் 32 பக்கப் புத்தகம் என்ற அமைப்பு பரவலானது. பற்றுச்சீட்டு, வாக்குச்சீட்டு என்று சீட்டு எங்கள் நாக்கில் ஊறிய சொல். பழகிய சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிதை நடுவதற்குக் காரணம் பலமாக இருக்க வேண்டும், இதில் இல்லை. ஆனால் ஒன்று, கடவுச்சீட்டு என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நடுவில் 'ச்' போடுங்கள். 'கடவுசீட்டு' என்று கடைப் பலகைகளில் பார்க்கும்போதெல்லாம் பல்லில் மண் கடிபட்ட மாதிரி இருக்கிறது. 'கடவுள்சீட்டு' என்றும் ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். 2022 பொருளாதார நெருக்கடியில் வவுனியாக் கடவுச்சீட்டுக் காரியாலயத்து வரிசையில் இரவிரவாக நின்றவர்களைக் கேட்டால் அதுவும் சரிதான் என்பார்கள்.

வீசா பற்றிச் சுருக்கமாக. லத்தீனில் 'பார்க்கப்பட்டது' என்று பொருள், பார்வையிட்ட கடதாசி. தமிழகத்தில் நுழைவிசைவு என்கிறார்கள். பொருள் சரி, நல்ல சொல்லும்கூட, ஆனால் தருமபுரத்து அம்மாவிடம் அதைச் சொன்னால் நான்தான் அதற்கும் உரை எழுத வேண்டும். வீசா என்றே இருக்கட்டும். 'நுழைவுச்சீட்டு' என்று மட்டும் எழுதாதீர்கள், அது படம் பார்க்கப் போகிறவருக்கு.

அகதியாகப் போனவருக்கு 1951 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் புகலிட நாடு கொடுப்பதும் ஒரு புத்தகம்தான். அதைக் கடவுச்சீட்டு என்பதைவிடப் பயண ஆவணம் என்பதே சரி, ஏனென்றால் 'எங்கள் குடிமகன்' என்று அது சொல்லவில்லை. அப்புறம், நல்ல மொழிபெயர்ப்பே எங்களிடம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடிவரவு, குடியகல்வு என்ற இரண்டையும் பாருங்கள். வருவதும் அகல்வதும் சொல்லிலேயே தெரிகிறது. இவற்றை ஆக்கியவருக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்கிறது, இப்போது எழுதுகிறவர்களுக்கு ஒன்றாவது தெரியுமோ என்று சந்தேகமாக இருக்கிறது. தமிழே படிக்காத பிள்ளை ஒன்று 'தலை மாத்தின பாஸ்போட்' என்று இரண்டு சொல்லில் படம் மாற்றிய கள்ளக் கடவுச்சீட்டை விளக்கிவிடும். அறிவித்தல் எழுதுகிறவருக்கோ 'பெற்றுக்கொள்ளும் பொருட்டு வருகை தருவோர்' வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவுக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. போன கிழமை அதே சொப்பிங் பையோடு வந்தார். உள்ளே பொலித்தீன், அதற்குள் சீலைத்துண்டு, அதற்குள் புத்தகம். மகள் கனடாவிலிருந்து அனுப்பிய அழைப்புக் கடிதமும் வங்கிக் கணக்கு விவரமும் போனில் வந்திருந்தன, அச்செடுக்க வேண்டுமாம். இது எதற்கு என்று கேட்டார். வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போது சேர்த்துக் கொடுக்க வேண்டும், நீங்கள் போய் நிற்கும் காலத்துச் செலவு மகள் பொறுப்பு, முடிந்ததும் திரும்பி வந்துவிடுவீர்கள் என்று மகள் எழுதியிருக்கிறா என்றேன்.

"அப்ப இதுதான் பாஸ்" என்றார். "பிணை மகள்."

நான் மறுக்கவில்லை. பக்கத்துக்குப் பத்து ரூபாய்ப்படி வாங்கிக்கொண்டு அச்செடுத்துக் கொடுத்தேன்.