டிரைவைச் சொடுக்கினால் 'எதில் திறப்பது?' என்று கேட்கும் கணினி

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியில் டி டிரைவை இருமுறை சொடுக்குகிறீர்கள். டிரைவ் திறக்காமல், எந்த மென்பொருளில் திறக்கட்டும் என்று 'ஓப்பன் வித்' பெட்டி கேட்கிறது. சில கணினிகளில் அதற்குப் பதில் தேடல் பலகம் நாய்க்குட்டியோடு வந்து நிற்கும். ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். அவசரப்படாதீர்கள்.

இருமுறை சொடுக்கியதும், கோப்புகளைத் திறந்துகாட்டும் விண்டோஸ் எக்ஸ்புளோரர் நேரே டிரைவைத் திறந்துவிடுவதில்லை. இந்தப் பொருளுக்கு முதல் வேலை எது என்று பார்த்து, அதைச் செய்கிறது. வலச்சொடுக்கு மெனுவில் தடித்த எழுத்தில் தெரிகிறதே, அதுதான் அந்த முதல் வேலை. எனவே டிரைவின் மேல் வலச்சொடுக்குங்கள். 'ஆட்டோபிளே' என்றோ, புரியாத கிறுக்கல் எழுத்தாகவோ தடித்திருந்தால் குற்றவாளி ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற கோப்பு. 'சர்ச்' தடித்திருந்தால் கோளாறு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில்.

ஆட்டோரன் கோப்பு விண்டோஸ் 95 காலத்தில் சிடி தானே ஓடுவதற்காக வந்த வசதி. பென் டிரைவ் வைரஸ்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 2008 இறுதியில் கிளம்பிய கான்ஃபிக்கரும் இந்த வழியில் பரவியதுதான். ஆன்டிவைரஸ் வைரஸை அழித்துவிட்டு, அதைக் கூப்பிடும் இந்தச் சின்ன உரைக்கோப்பை மட்டும் விட்டுவிடுவதுண்டு. எக்ஸ்புளோரர் அதைப் படித்து, இல்லாத நிரலைத் தேடி முழிக்கிறது.

ஸ்டார்ட், ரன் போய் சிஎம்டி என்று தட்டுங்கள் (கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). டி: என்று கொடுத்து என்டர். அடுத்து சிடி \ கொடுத்து டிரைவின் வேருக்கு வாருங்கள். நேரடியாக டெல் கட்டளை கொடுத்தால் அப்படியொரு கோப்பே இல்லை என்று சாதிக்கும்; கோப்பு மறைந்திருப்பதால் அப்படி. முதலில் 'அட்ரிப் -எச் -ஆர் -எஸ் ஆட்டோரன்.ஐஎன்எஃப்', பிறகு 'டெல் ஆட்டோரன்.ஐஎன்எஃப்'. எல்லா டிரைவிலும், பென் டிரைவிலும் இதையே செய்யவேண்டும். அழித்த சில நொடியில் கோப்பு மறுபடி முளைத்தால் வைரஸ் உயிரோடு இருக்கிறது. சேஃப் மோடில் (அவசியமான நிரல்கள் மட்டும் ஓடும் நிலை) ஸ்கேன் செய்துவிட்டு வாருங்கள்.

கோப்பு போனபிறகும் டிரைவ் பழையபடியே அடம்பிடிக்கலாம். எக்ஸ்புளோரர் ஒருமுறை படித்ததை மவுண்ட்பாயின்ட்ஸ்2 என்ற ரெஜிஸ்ட்ரி கிளையில் குறித்துவைத்திருக்கும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டில் (இதையும் ரன்னில் தட்டித் திறக்கலாம்) எஃப்3 அழுத்தித் தேடி, அந்தக் கிளையை நீக்கி, லாக்ஆஃப் செய்து வாருங்கள். விண்டோஸ் அதைப் புதிதாக எழுதிக்கொள்ளும்.

ஃபார்மட் ஏன் வீண் என்பது இப்போது விளங்கும். சி டிரைவை மட்டும்தான் அழிப்பார்கள். டி டிரைவில் கோப்பும் வைரஸும் சேர்ந்தே இருந்தால், புது விண்டோஸில் டி-யை முதல்முறை சொடுக்கியதுமே கதை திரும்பத் தொடங்கும். சுத்தமாகும்வரை இடப்பக்கத்து ஃபோல்டர் மரத்தின் வழியே உள்ளே போங்கள். வலச்சொடுக்கி 'எக்ஸ்புளோர்' கொடுப்பதும் நம்பகமில்லை, அந்த வரியையும் வைரஸ் மாற்றிவைக்கலாம்.

தேடல் பலகம் வரும் கணினிக்கு வைத்தியம் எளிது. ரெஜ்எடிட்டில் எச்கேஇஒய்_கிளாசஸ்_ரூட் அடியில் டிரைவ்\ஷெல், டைரக்டரி\ஷெல் இரண்டிலும் 'டிஃபால்ட்' மதிப்பு 'நன்' என்றிருக்கவேண்டும். அது காலியாகவோ 'ஃபைண்ட்' என்றோ மாறியிருக்கும். வைரஸே வேண்டியதில்லை, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஃபைல் டைப்ஸைக் கிளறினாலே போதும். மாற்றும் முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

ஒரு ஃபோல்டரைத் திறக்கையில் 'ஆக்சஸ் டினைடு' (அனுமதி இல்லை) என்று வந்தால் பெரும்பாலும் அந்த ஃபோல்டரின் உரிமை பழைய விண்டோஸின் கணக்கில் இருக்கிறது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்'கை எடுத்துவிட்டால் செக்யூரிட்டி தாவல் தெரியும், அங்கே உரிமையை மாற்றலாம். எக்ஸ்பி ஹோமில் சேஃப் மோடுக்குப் போனால்தான் அந்தத் தாவலே வரும்.

டிரைவ் திறக்க நிமிடக்கணக்கில் ஆகி, உள்ளே டக்டக்கென்று சத்தம் கேட்டால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் /ஆர் கட்டளையைக் கொடுக்கவே கூடாது. அது வட்டை மணிக்கணக்கில் முழுதும் வாசித்து, சாகக்கிடப்பதை அங்கேயே முடித்துவிடலாம். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறு வட்டுக்கு நகலெடுங்கள்.