போனுக்குள் பூஜ்யம் யார்?

2008 நவம்பர். முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1 கடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் ஒருவர் அந்த போனில் தோழியோடு மெசேஜில் பேசிக்கொண்டிருந்தார். பதிலையே காணோமே என்று அவள் கேட்க, போனை இப்போதுதான் அணைத்துப் போட்டேன் என்று சொல்லும் நோக்கில் 'ரீபூட்' என ஒற்றை வார்த்தையை ஆங்கிலத்தில் அடித்தார். போன் பொசுக்கென்று அணைந்து, தானாக மறுபடி எழுந்தது.

காரணம் வேடிக்கையானது. சோதனைக் காலத்து மிச்சமாக, எழுத்தில் கொடுக்கும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் ஒரு கமாண்டு ஷெல் அந்த போனின் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தது. கீபோர்டில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் திரையில் இருக்கும் ஆப்புக்கும் போனது, திரைக்குப் பின்னால் இருந்த அந்த ஷெல்லுக்கும் போனது. அதுவும் சாதாரண ஷெல் அல்ல, போனில் எதையும் செய்யக்கூடிய 'ரூட்' அதிகாரத்தோடு ஓடிய ஷெல். விஷயம் பரவியதும் ஆட்கள் 'டெல்நெட்டி' என்று அடித்துப் பார்த்தார்கள். போனுக்குள் ஒரு வாசல் திறந்துகொண்டது, பக்கத்து கணினியிலிருந்து வைஃபை வழியாக உள்ளே போக முடிந்தது. கூகுள் அவசரமாக அடுத்த பதிப்பில் அதை அடைத்தது. ஆட்கள் விடவில்லை. பழைய பதிப்பை மெமரி கார்டில் போட்டு, போனைப் பின்னோக்கி இறக்கி, பிறகு அதே வாசலில் நுழைந்தார்கள்.

ரூட் என்றதும் நமக்கு பஸ் ரூட் ஞாபகம் வரும், ரூட்டு தல ஞாபகம் வரும், கல்லூரி வாசலில் ரூட் விட்டுக்கொண்டு நின்ற நண்பன் ஞாபகம் வரும். இது வேறு, வேர் என்று பொருள்படும் ரூட். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல், யார் எதைத் தொடலாம் என்று முடிவு செய்யும் மைய நிரல். கர்னல் ஆளை எண்ணை வைத்துத்தான் அடையாளம் காணும். நீங்கள் நிறுவும் ஒவ்வொரு ஆப்புக்கும் 10000-இல் தொடங்கும் வரிசையில் ஒரு பயனர் எண் கிடைக்கும். ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி, ஒரே காம்பவுண்டு, தனித்தனி அறை, ஒருவர் சாவி இன்னொருவர் பூட்டுக்குச் சேராது. ரூட்டின் எண் 0. அந்த எண்ணோடு வருகிறவரை கர்னல் எந்த அறை வாசலிலும் நிறுத்தாது.

இதில் கவனிக்க வேண்டியது, காசு கொடுத்து போனை வாங்கிய நமக்கு அந்தக் காம்பவுண்டில் தனியாக ஒரு எண் கிடையாது. ஏதாவது ஒரு குடித்தனக்காரர் மூலமாகத்தான் நாம் எதையும் செய்கிறோம். ரூட்டிங் என்பது அந்தப் பூஜ்யத்தை நம் கைக்குக் கொண்டுவரும் வேலை.

பழைய போன்களில் அதற்கு வேண்டியது 'எஸ்யூ' என்ற ஒரு குட்டி நிரல், அவ்வளவுதான். யூனிக்ஸில் ஒரு வசதி உண்டு. நிரலின் கோப்பில் ஒரு முத்திரை குத்திவிட்டால், யார் ஓட்டினாலும் அது கோப்பின் உரிமையாளர் எண்ணில் ஓடும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியின் யோசனை, 1979-இல் காப்புரிமைகூடக் கிடைத்தது. எஸ்யூவை சிஸ்டம் பகுதியில் வைத்து, உரிமையாளர் 0 என்று எழுதி, முத்திரை குத்தினால் முடிந்தது. ஆனால் அதை அங்கே வைப்பதற்கே நீங்கள் முதலில் 0 ஆக இருக்க வேண்டும். கோழியா முட்டையா கதை. இதிலிருந்து தப்ப இரண்டு வழி: சுவரில் விரிசல் தேடுவது, இல்லை முன்வாசல் வழியாகப் போவது.

விரிசல்களில் எனக்குப் பிடித்தது 2010-இல் வந்த ஒன்று. போனை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்துக் கட்டளை கொடுக்க ஏடிபி என்ற சேவை உண்டு. போனுக்குள் அது பிறக்கும்போது எண் 0. பிறந்த கையோடு கர்னலிடம் போய் "என்னை 2000 ஆக மாற்று" என்று கேட்டு, தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாம் கேபிள் வழியாகப் பேசுவது இந்த 2000-இடம்தான்.

இன்னொரு பக்கம், ஒரு எண்ணின் பெயரில் எத்தனை நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்று கர்னலில் ஒரு வரம்பு இருக்கிறது. விரிசல் தேடியவர்கள் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். 2000 என்ற எண்ணில் உள்ளே வந்து, ஒன்றும் செய்யாமல் தூங்குகிற நிரல்களாகப் பெற்றுத் தள்ளினார்கள், வரம்பு நிரம்பும்வரை. பிறகு ஓடிக்கொண்டிருந்த ஏடிபியைக் கொன்றார்கள். அதுவும் 2000, இவர்களும் 2000 என்பதால் கொல்ல உரிமை இருந்தது. சேவை செத்தால் அதை மீண்டும் எழுப்புவது போனின் கடமை. புதிய ஏடிபி 0 ஆகப் பிறந்தது, வழக்கம்போல 2000 கேட்டது. கர்னல் ஹவுஸ்ஃபுல் என்று கையை விரித்துவிட்டது. அந்தப் பதிலைப் பார்த்து ஏடிபி அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிரலை எழுதியவர்கள் பதிலைச் சரிபார்க்கும் ஒரு வரியை எழுதவில்லை. மாற்றம் நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஏடிபி பூஜ்யமாகவே வேலையைத் தொடர்ந்தது. ஆண்ட்ராய்டு 2.2 வரை பல போன்கள் இப்படித்தான் விழுந்தன.

பிறகும் விரிசல்கள் வந்தன. 2016-இல் வெளியான டர்ட்டி கவ், 2007 முதல் லினக்ஸ் கர்னலில் யார் கண்ணிலும் படாமல் படுத்திருந்த ஒன்று. ஆனால் நீங்கள் ரூட் எடுக்கும் விரிசலில் நாளைக்கு ஒரு திருட்டு ஆப்பும் நுழையலாம். ஒரே தட்டில் ரூட் செய்து தருகிறோம் என்ற ஆப்களை நான் தொடுவதில்லை. உள்ளே போய்விட்டு அது கதவை என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்?

முன்வாசலுக்கு வருவோம். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது ஆண்ட்ராய்டு அல்ல, சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட சின்ன நிரல். அதை யாராலும் திருத்த முடியாது. அது சேமிப்பகத்திலிருந்து, ஆண்ட்ராய்டை எழுப்பும் நிரலான பூட்லோடரை எடுக்கும், ஆனால் உடனே ஓடவிடாது. இது கம்பெனி கையொப்பமிட்டதுதானா என்று பார்க்கும். சரிபார்க்கும் சாவியின் அடையாளம் சிப்பில் இருக்கிற ஃப்யூஸ்களில் எரித்து எழுதப்பட்டிருக்கும். கையொப்பம் சரியென்றால் பூட்லோடர் ஓடும். பூட்லோடர் தன் பங்குக்கு அடுத்திருக்கும் கர்னலைச் சோதிக்கும். கர்னல் அதற்கடுத்த சிஸ்டம் பகுதியைச் சோதிக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவரின் அடையாள அட்டையைப் பார்த்த பிறகே சாவிக்கொத்தைக் கொடுக்கிறார்கள். நடுவில் ஒரு பைட்டை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது.

பூட்லோடரை அன்லாக் செய்வது என்பது இந்தச் சங்கிலியில் பூட்லோடரிடம் மட்டும் "உனக்கு அடுத்து வருகிறவரின் அட்டையைக் கேட்காதே" என்று சொல்வது. சங்கிலி முழுக்க அறுவதில்லை. சிப் இன்னமும் பூட்லோடரைச் சோதிக்கத்தான் செய்யும். பிற்பாடு நாம் எதையாவது சொதப்பினாலும், பூட்லோடரில் கை வைக்காதவரை போனைப் பெரும்பாலும் மறுபடி எழுப்பிவிடலாம் என்பது இதனால்தான்.

செய்முறை என்று பார்த்தால் சின்னதுதான். வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்து அழுத்தினால் பல போன்களில், பூட்லோடர் கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் ஃபாஸ்ட்பூட் திரை வரும். கேபிளைச் செருகி, கணினியில் 'ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்' என்று அடிக்க வேண்டும், 2010-இல் வந்த நெக்சஸ் ஒன் காலத்துக் கட்டளை. கொஞ்சம் புதிய போன்களில் 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்'. ஆமாவா இல்லையா என்று போன் கேட்கும். ஆமா என்றால் படம், பாட்டு, மெசேஜ் அத்தனையும் அழிந்துவிடும்.

இந்த அழிப்பைக் கம்பெனி கொடுக்கும் தண்டனை என்று பலரும் திட்டுவார்கள். உண்மையில் அது உங்களுக்கான காவல். உங்கள் போனைத் திருடியவன் அன்லாக் செய்து, தன் மென்பொருளை ஏற்றி, திரைப் பூட்டைத் தாண்டி உங்கள் கோப்புகளைப் படிக்கலாம் இல்லையா? அழித்துவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது வெறும் கருவி.

எல்லாக் கம்பெனியும் வாசலைத் திறந்து வைப்பதில்லை. மோட்டோரோலா அன்லாக் செய்ய இணையத்தில் ஒரு குறியீடு தந்தது. ஷாவ்மி பல போன்களுக்கு 168 மணி நேரம் காத்திரு என்றது. ஹுவாவே 2018-இல் குறியீடு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. சாம்சங் 2013 வாக்கில் சிப்புக்குள் ஒரு ஃப்யூஸை வைத்தது. அன்னிய மென்பொருளை ஏற்றினால் அது எரிந்து, சாம்சங்கின் பாதுகாப்பு ஏற்பாடான நாக்ஸின் எண் 0-இலிருந்து 1 ஆகும். பழைய மென்பொருளுக்கே திரும்பிப் போனாலும் எரிந்த ஃப்யூஸ் எரிந்ததுதான்.

வாசல் திறந்தாயிற்று, இனி ஃப்ளாஷ். போன் கடையில் 'சாஃப்ட்வேர் போடணும் சார்' என்பார்களே, அதே வேலை. பெயர் தோஷிபாவிலிருந்து வந்தது. 1980-களில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய அந்த நினைவகத்தில் ஒரு பெரிய பகுதி ஒரே அடியாக அழியும். கேமராவின் ஃப்ளாஷ் மாதிரி இருக்கிறதே என்று உடன் வேலை செய்தவர் ஒருவர் வைத்த பெயர். போனின் சேமிப்பகம் பூட், ரிக்கவரி, சிஸ்டம், மோடம், யூசர்டேட்டா என்று பல பார்ட்டிஷன்களாகப் பிரிந்திருக்கும். ஃப்ளாஷ் செய்வது என்றால் ஒரு பார்ட்டிஷனின் முழு உள்ளடக்கத்தையும் ஒரே படிமமாக எடுத்து, இருந்ததன் மேல் எழுதுவது. எழுதுகிற சரக்குக்கு 'ரோம்' என்று பெயர். படிக்க மட்டும் முடிந்த நினைவகம் என்று விரியும் பெயரை, எழுதுகிற பொருளுக்கு யார் வைத்தார்களோ!

2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற ரோம்தான் இந்த உலகின் பெரிய பெயர். ஆண்ட்ராய்டின் மூலநிரல் எல்லோருக்கும் பொது, ஆனால் ஜிமெயில், பிளே ஸ்டோர் போன்றவை கூகுளின் சொத்து. அவற்றையும் சேர்த்துக் கொடுத்ததற்காக அந்த ஆண்டே செப்டம்பரில் கூகுளிடமிருந்து வக்கீல் கடிதம் வந்தது. இன்றைக்கும் ரோமை ஒரு ஃபைலாகவும் கூகுள் ஆப்களைத் தனி ஃபைலாகவும் ஏற்றுகிறோமே, அந்தக் கடிதத்தின் தழும்பு அது. 2016 டிசம்பரில் சயனோஜென் மூடப்பட்டதும் அதே நிரலிலிருந்து லினியேஜ் ஓஎஸ் கிளைத்தது.

பழைய போனில் புதிய ஆண்ட்ராய்டை ஏற்றியதும் கேமரா மட்டும் மக்கர் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கர்னலின் மூலநிரலைக் கம்பெனிகள் உரிமப்படி வெளியிட்டாக வேண்டும். கேமராவையும் கிராஃபிக்ஸையும் இயக்கும் நிரல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவை மூலநிரல் இல்லாமல், உருவாக்கி முடித்த பைனரிகளாகவே வரும். 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த ரெட்மி நோட் 4 ஆண்ட்ராய்டு 6-ஓடு வந்தது. அதில் ஆண்ட்ராய்டு 10 ஏற்றுகிறவர்கள், பழைய காலத்துப் பைனரிகளைப் புதிய வீட்டில் குடிவைக்க வேண்டும். பைனரி தேடுகிற ஏதோ ஒரு கைப்பிடி புதிய ஆண்ட்ராய்டில் இடம் மாறியிருக்கும். இடையில் ஒரு ஒட்டு போட்டு இரண்டையும் பேச வைக்க வேண்டும். அந்த ஒட்டைச் சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து எழுதுவது பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. கம்பெனி பெயர் வேண்டாம். நெட்வொர்க் சரியில்லை என்று மோடம் பகுதியைத் துடைத்துப் புதிதாக ஏற்றப் போனேன். துடைத்த பட்டியலில், அந்த போனுக்கென்று மட்டும் எழுதிய தகவல்கள் இருக்கும் பார்ட்டிஷனும் இருந்தது. போன் அழகாக எழுந்தது, சிம் இல்லை என்றது. *#06# அடித்தால், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இடத்தில் பூஜ்யம்! நான் தேடிய பூஜ்யம் அது அல்ல. ரோமை எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். அந்தச் சின்ன பார்ட்டிஷன் உலகில் ஒரே ஒரு பிரதிதான். முதல் வேலையாக அதை பேக்கப் எடுத்து வேறு கணினியில் வையுங்கள். எண்ணைப் புதிதாக எழுதித் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். ஐஎம்இஐயை மாற்றுவது இந்தியாவில் குற்றம். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

ரூட்டிங்கும் இதற்குள் மாறிவிட்டது. ஆண்ட்ராய்டு 4.4-இல் டிஎம்-வெரிட்டி வந்தது. சிஸ்டம் பகுதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷ் எண், அந்த ஹாஷ்களுக்கு ஒரு ஹாஷ் என்று மேலே மேலே போய் ஒற்றை எண்ணில் முடிப்பார்கள். ஒரு துண்டில் ஒரு எழுத்து மாறினாலும் உச்சி எண் பொருந்தாது. ஆண்ட்ராய்டு 7-இல் இது கண்டிப்பானது. இனி எஸ்யூவைக் கொண்டுபோய் சிஸ்டத்தில் வைக்க முடியாது. 2016-இல் ஜான் வூ என்ற தைவான் மாணவர் மேஜிஸ்கைக் கொண்டுவந்தார். சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம், கர்னல் இருக்கும் பூட் படிமத்தில் மட்டும் கை வைப்போம் என்பது யோசனை. போன் எழும்போது மேஜிஸ்கின் நிரல் முதலில் ஓடி, வேண்டிய கோப்புகளை சிஸ்டத்தின் மேல் ஒரு போர்வை மாதிரி விரித்துவிடும். பார்க்கிறவருக்குப் போர்வை தெரியும், அடியில் மெத்தை கசங்காமல் இருக்கும். 2021-இல் ஜான் வூ வேலைக்குச் சேர்ந்த இடம் கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழு.

ரூட் செய்த போனில் ஓட மறுக்கும் வங்கி ஆப்களைப் போர்வையால் கொஞ்ச காலம் ஏமாற்ற முடிந்தது. ஆண்ட்ராய்டு 8-ஓடு வெளிவந்த போன்கள் முதல், பூட்லோடர் திறந்திருக்கிறதா என்ற கேள்விக்கு சிப்பின் பாதுகாப்புப் பகுதியே கையொப்பமிட்டுப் பதில் சொல்கிறது. அந்தச் சாட்சியைப் பூஜ்யத்தாலும் கலைக்க முடியாது. அதற்கு முந்தைய போன்கள் பலவற்றில் அப்படி ஒரு சாட்சி இல்லை என்பதால் பழைய போன்காரர்கள் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார்கள்.

சிம் போன என் போன் இப்போது சமையலறையில் வைஃபையில் பாட்டுப் பாடுகிறது. கரண்ட் நீண்ட நேரம் போய், பேட்டரி தீர்ந்து, மறுபடி எழும்போதெல்லாம் கறுப்புத் திரையில் முதலில் ஒரு அறிவிப்பு வரும்: பூட்லோடர் திறந்திருக்கிறது, இதிலுள்ள மென்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை.

"என்னடா, ஆன் பண்ணும்போதெல்லாம் ஏதோ இங்கிலீஷ்ல திட்டுது?" என்றார் அம்மா.

"அஞ்சு செகண்டு திட்டும்மா. அப்புறம் பாடும்."