மார்ஜின் மென்பொருள் வாங்கும் முன் சி.எஸ்.ஏ. ஒப்பந்தத்தை எடுங்கள்

ரிசர்வ் வங்கி 2022-இல் வேரியேஷன் மார்ஜினுக்கும் 2024-இல் இனிஷியல் மார்ஜினுக்கும் விதிகள் வெளியிட்டதிலிருந்து, டெரிவேட்டிவ் கணக்குக்கு மென்பொருள் தேடுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். டெரிவேட்டிவ் என்பது வட்டி, நாணயம் போன்ற வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தம், மார்ஜின் என்பது அதற்காக எதிர்த்தரப்பிடம் வாங்கும் பிணையம். இன்றைய மதிப்பு மாற்றத்துக்கு வாங்குவது வேரியேஷன் மார்ஜின், இனி வரக்கூடிய இழப்புக்கு முன்கூட்டியே வாங்குவது இனிஷியல் மார்ஜின். பலரும் டெமோவில் தொடங்குகிறார்கள். விற்பவர் தன்னுடைய மாதிரி வர்த்தகங்களை ஓட்டிக் காட்டுவார், எல்லாம் அழகாக வரும். டெமோவுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, எதிர்த்தரப்போடு நீங்கள் கையெழுத்திட்ட சி.எஸ்.ஏ. என்ற பிணைய ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வையுங்கள். நான் பார்த்த மார்ஜின் தகராறுகளில் பெரும்பாலானவை அந்த ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு வரியைத் தவறாக உள்ளிட்டதால் வந்தவை.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு உங்களுக்குத் தர வேண்டிய நிகர மதிப்பு 12 கோடி. ஒப்பந்தப்படி திரெஷோல்டு, அதாவது பிணையம் கேட்காமல் விட்டுவைக்கும் வரம்பு, 5 கோடி. குறைந்தபட்சப் பரிமாற்றத் தொகை, அதாவது ஒருமுறை கேட்கக்கூடிய மிகச் சிறிய தொகை, 50 லட்சம். கையில் ஏற்கெனவே 6.70 கோடி பிணையம் இருக்கிறது. தேவை 7 கோடி, குறைவது 30 லட்சம், அது 50 லட்சத்தை எட்டாததால் இன்று மார்ஜின் கேட்கக் கூடாது. மறுநாள் மதிப்பு 12.40 கோடியானால் குறைவது 70 லட்சம். அந்த 70 லட்சத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும். மென்பொருள் 20 லட்சம் என்று காட்டினால், குறைந்தபட்சத் தொகையை இன்னொரு திரெஷோல்டாக எடுத்துக்கொண்டு கழிக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது சி.வி.ஏ. எதிர்த்தரப்பு கடன் தவறக்கூடும் என்பதற்காக மதிப்பில் செய்யும் கழிவு அது. 2008 நெருக்கடியில் எதிர்த்தரப்புக் கடன் அபாயத்தால் வந்த இழப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உண்மையான திவாலால் இல்லாமல் இந்தக் கழிவு ஏறியதால் வந்தது என்று, வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசல் குழு சொன்னது. அதனால் மென்பொருள் தரும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். சராசரி எக்ஸ்போஷர் (எதிர்த்தரப்பு தவறினால் சிக்கக்கூடிய தொகை) 10 கோடி, திவாலானால் இழப்பு 60 சதவீதம், ஆண்டுக்குத் திவால் வாய்ப்பு 1 சதவீதம், 5 ஆண்டுகள் என்றால் பெருக்கிப் பார்க்க 30 லட்சம் வரும். தள்ளுபடி செய்த பிறகு அதைவிடக் கொஞ்சம் குறையும். திரையில் 3 கோடி வந்தால் எங்கோ உள்ளீடு பிசகியிருக்கிறது. அப்புறம், மார்ஜின் பகுதியும் சி.வி.ஏ. பகுதியும் ஒரே ஒப்பந்தத் தரவைப் படிக்கின்றனவா என்று கேளுங்கள். தனித்தனியாக உள்ளிட வேண்டுமென்றால், ஒன்றில் மாற்றியதை மற்றதில் மறப்பது நிச்சயம்.

ஒப்பிட்டுப் பார்க்க இலவசக் கருவி உண்டு. குவாண்ட்லிப் என்ற நிதிக் கணக்கீட்டு நிரல் தொகுப்பின் மேல் கட்டப்பட்டு 2016-இல் வெளிவந்த ஓப்பன் சோர்ஸ் ரிஸ்க் என்ஜின் சி.வி.ஏ., எக்ஸ்போஷர் இரண்டையும் கணக்கிடும். அதன் உள்ளீடுகளை எழுதும் எக்ஸ்.எம்.எல். கோப்புகளோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும். வேறொன்றை விலைக்கு வாங்கினாலும், சரிபார்க்க இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனிஷியல் மார்ஜினுக்குப் பலரும் பயன்படுத்துவது, டெரிவேட்டிவ் சந்தையின் சர்வதேச சங்கமான இஸ்டாவின் சிம் என்ற கணக்கீட்டு மாடல். 10 நாள் காலத்தில் வரக்கூடிய இழப்பை, 99 சதவீத நம்பிக்கை அளவில் கணக்கிடும். அதன் எண்களை முன்பு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தினார்கள், 2025 முதல் ஆண்டுக்கு இருமுறை. புதிய பதிப்பு வந்தால் யார் மாற்றுவார்கள், கூடுதல் கட்டணம் உண்டா, இஸ்டா உரிமம் யார் பெயரில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் ஒரே நாள் வர்த்தகங்களைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட்டி, எந்த வர்த்தகத்தால் எவ்வளவு மாறியது என்று காட்டச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.