லோக்கல் என்றால் உள்ளூரா?

"கொள்கலனை உள்ளூரில் இயக்கிச் சோதிக்கவும்." சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ ஏஜென்ட் கருவிகளுக்கான தமிழ் வழிகாட்டிகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எந்த ஊரில் என்று கேட்கத் தோன்றாதா? ஆங்கிலத்தின் லோக்கலை உள்ளூர் ஆக்கியதால் வந்த வினை. சொல்ல வந்தது இவ்வளவுதான்: எங்கோ இருக்கும் கிளவுட் சர்வரில் வேண்டாம், உங்கள் கணினியிலேயே கன்டெய்னரை, அதாவது நிரலையும் அதற்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டிய பெட்டியை, ஓட்டிப் பாருங்கள்.

கொள்கலனோடு எனக்குச் சண்டை இல்லை. கலம் என்றால் பாத்திரமும் உண்டு, கப்பலும் உண்டு. 2013இல் வெளிவந்த டாக்கர் என்ற கன்டெய்னர் கருவி, துறைமுகத் தொழிலாளியின் பெயரை வைத்துக்கொண்டு திமிங்கிலத்தின் முதுகில் சரக்குப் பெட்டிகளை அடுக்கிய படத்தோடு வந்ததற்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. பேச்சில் எல்லாரும் கன்டெய்னர் என்கிறார்கள், அதுவும் சரி. என் வழக்கு உள்ளூர் மேல்தான்.

லோக்கல் என்பதன் வேர் லத்தீனின் லோகுஸ், அதாவது இடம். ஊர் அதில் இல்லவே இல்லை. உடம்பில் ஓரிடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவதற்கும் இதே சொல்தான், அதை உள்ளூர் மயக்கம் என்று எழுதினால் பொருந்துமா? தமிழில் உள்ளூருக்கு எதிர் வெளியூர். உள்ளூர் நேரம், உள்ளூர்ச் செய்தி எல்லாம் பழுதில்லை. கணினியில் லோக்கலுக்கு எதிர் வெளியூர் அல்ல, ரிமோட், அதாவது நெட்வொர்க் வழியாக எட்டும் வேறு கணினி. பக்கத்து அறையில் இருக்கும் சர்வரும் ரிமோட்தான். ஒரே ஊர், ஒரே கட்டடம், ஆனாலும் லோக்கல் இல்லை. இந்த ஒன்று போதும், உள்ளூரைத் தள்ளிவிட.

"எழுத எழுதப் பழகிவிடும், எல்லாச் சொல்லும் முதலில் இப்படித்தான் இருக்கும்" என்பார்கள். பழகும்தான், ஆனால் புரியாமலே பழகும். ஒரு நிரலைச் சோதிக்கச் சொல்லி ஏஜென்டிடம் விடுகிறீர்கள். அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஒரு கன்டெய்னரிலும் உங்கள் நிரலை இன்னொன்றிலும் எழுப்புகிறது. நிரல் லோக்கல்ஹோஸ்டின் (ஓடும் கணினி தன்னையே குறிக்கும் பெயர்) 5432ஆம் போர்ட்டை, அதாவது தரவுத்தளம் காத்திருக்கும் வாசலை, தட்டுகிறது, இணைப்பு மறுக்கப்படுகிறது. ஏனென்றால் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி நெட்வொர்க் உண்டு. அதற்குள் இருந்து லோக்கல்ஹோஸ்ட் என்றால் உங்கள் கணினி அல்ல, அந்தக் கன்டெய்னரேதான். இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்து, தரவுத்தளக் கன்டெய்னரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இதைப் போய், ஹோஸ்டைப் புரவலன் ஆக்கி, "உள்ளூர்ப் புரவலனுடன் இணைக்க முடியவில்லை" என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் என்ன செய்வார்? பரிசில் கேட்டுப் போன புலவர் வாசலிலேயே திரும்பி வந்த கதை போல இருக்கிறது.

அதாவது லோக்கல் என்பது யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து மாறும் சொல். ஏஜென்ட் கிளவுடில் ஓடிக்கொண்டே "லோக்கலில் சோதித்தேன், எல்லாம் தேறியது" என்றால், அந்த லோக்கல் அது குடியிருக்கும் எந்திரம், உங்கள் மடிக்கணினி அல்ல. தமிழில் இந்த வேலைக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: தன். எழுவாயையே திரும்பிச் சுட்டும். ஆகவே தன்கணினி. தற்கணினி என்றுதான் புணர்த்த வேண்டும் என்று யாராவது வருவார்கள். தன் என்பதன் ஈறு வல்லினத்தின் முன் இருவகையாகவும் வர நன்னூலே இடம் தருகிறது, பார்த்ததும் புரிவது தன்கணினிதான்.

உள்ளகம் என்று சிலர் சொல்கிறார்கள். உள்ளகக் கணக்காய்வு, உள்ளக விசாரணை என்று அது ஏற்கெனவே நிறுவனத்துக்குள் நடப்பதற்குப் போய்விட்டது. நிறுவனத்தின் உள்ளகச் சர்வரும் எனக்கு ரிமோட்டே. லோக்கல் என்றே தமிழில் எழுதலாமே என்றால், எழுதலாம், ஆனால் "ரொம்ப லோக்கலா இருக்கு" என்று மட்டமான பொருளைச் சொல்ல அந்தச் சொல்லை நாம் எப்போதோ எடுத்துக்கொண்டாயிற்று.

மொழிபெயர்ப்பவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. முன்பின் தெரியாமல் துண்டு துண்டாக வாக்கியம் வருகிறது, பக்கத்தில் ஒரு சொற்பட்டியல், அதில் லோக்கலுக்கு நேரே உள்ளூர். மாற்றினால் தரச்சோதனையில் சிவப்புக் கோடு. ஆனால் பட்டியலைப் போட்டவர் ஒரு தடவையாவது கன்டெய்னரை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

எல்லா இடத்திலும் தன்கணினியை ஒட்டவும் சொல்லவில்லை. பயனருக்குச் சொல்லும்போது "உங்கள் கணினியிலேயே கன்டெய்னரை ஓட்டிச் சோதியுங்கள்" என்றாலே முடிந்தது, கலைச்சொல்லே வேண்டாம். லோக்கல்ஹோஸ்ட் விசைப்பலகையில் தட்டும் பெயர், அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட வேண்டும். தமிழில் தட்டினால் எந்தக் கணினியும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.