யார் வயிற்றிலும் அடிக்காத மோதிரம்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தை மாதம் நிச்சயதார்த்தம். மோதிரத்தைக் கடையில் எடுக்காமல், தெரிந்த பத்தரிடம் சொல்லிச் செய்யப் போகிறார்களாம். "யார் வயிற்றிலும் அடிக்காத மோதிரமாக இருக்க வேண்டும் என்று ஆசை. அதனால் கல் ஆய்வகத்தில் வளர்த்த வைரம், தங்கம் பாட்டியின் பழைய நகை என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் பெரியவர்கள், அது அமெரிக்கன் டைமண்ட்தானே, அதைப் போய் நிச்சயத்துக்குப் போடுவதா என்கிறார்கள். அது நிஜமாகவே வைரம்தானா? எப்படி வளர்க்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

முதல் கேள்வி சுலபம். அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்வது சிர்கோனியம் ஆக்சைடு. வைரத்துக்கும் அதற்கும் வேதியியல் உறவே இல்லை. ஆய்வக வைரமோ கார்பன். சுரங்க வைரத்தில் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றனவோ இதிலும் அப்படியே. கடினம் அதே, ஒளிவிலகல் எண் அதே 2.42. நகைக்கடையில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லின் மேல் வைத்துப் பார்ப்பார்களே, அது அளப்பது வெப்பம் கல்லுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை. சுரங்கக் கல், ஆய்வகக் கல் இரண்டுக்கும் அது 'வைரம்' என்றே காட்டும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது.

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டும் வைரமும் ஒரே கார்பன்தான் என்பது பள்ளியில் படித்தது. பூமிக்குள் சுமார் 150 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்கு அழுத்தத்தில், ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கார்பன் வைரமாக அடுக்கிக்கொள்கிறது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் ஒரு ராட்சத அழுத்தி வைத்து, உருகிய உலோகத்தின் துணையோடு அதே வேலையைச் செய்து காட்டினார். இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பூமி பலத்தால் செய்ததை மனிதனும் பலத்தால் செய்தான், அவ்வளவுதான்.

ஆனால் இந்தியாவில் வளர்க்கும் நகை வைரங்களில் பெரும்பாலானவை வேறு வழியில் வருபவை. அங்கே அழுத்தமே கிடையாது. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாகத்தான் கலனுக்குள் இருக்கும். அடியில் 0.3 மில்லிமீட்டர் கனத்தில் சீவிய வைரத் துண்டு ஒன்று, விதையாக. உள்ளே போவது ஹைட்ரஜன், அதில் சில சதவீதம் மட்டும் மீத்தேன். அதன்மேல் மைக்ரோவேவைச் செலுத்துகிறார்கள். அலைவெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதுதான். வாயு பிளாஸ்மாவாகி, அதாவது எலெக்ட்ரான்கள் பிய்ந்த மின்னேற்றமுள்ள வாயுவாகி, விதையின் மேல் ஓர் ஒளிப்பந்து நிற்கும். விதையின் சூடு 800 முதல் 1,000 டிகிரிக்குப் பக்கத்தில்.

இங்கே ஒரு சங்கடம். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கார்பனுக்கு உகந்த வடிவம் கிராஃபைட்தான். வெப்ப இயக்கவியலைக் கேட்டால், அந்தக் கலனுக்குள் கரிதான் படிய வேண்டும் என்று அடித்துச் சொல்லும். அது பொய்யும் இல்லை, கரி படியத்தான் பார்க்கிறது. ஆனால் நிலைக்க முடிவதில்லை. காரணம் ஹைட்ரஜன்.

பிளாஸ்மாவின் சூட்டில் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து தனி அணுக்கள் பிறக்கின்றன. தனி ஹைட்ரஜன் அணு ஒரு நொடி சும்மா இருக்காது, எதையாவது பிடித்தே ஆக வேண்டும். வைர விதையின் மேற்பரப்பை அணு அளவில் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு பக்கமும் துணை உண்டு. விளிம்பில் இருக்கும் கார்பனுக்கு மேல்பக்கம் ஆளில்லை. அப்படியே விட்டால் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் தங்களுக்குள் பிணைந்து மெல்லக் கிராஃபைட்டாகச் சரிந்துவிடும். ஹைட்ரஜன் போய் அந்தக் காலியிடத்தில் உட்கார்ந்து அதைத் தடுக்கிறது.

உட்கார்ந்தே இருந்தால் வளர்ச்சி ஏது? இன்னொரு ஹைட்ரஜன் அணு வந்து மோதி, உட்கார்ந்திருந்ததைப் பிடுங்கிக்கொண்டு மூலக்கூறாகப் பறந்துவிடுகிறது. இடம் மறுபடி காலி. பெரும்பாலும் அடுத்து வருவதும் ஹைட்ரஜனே, மறுபடி மூடிக்கொள்ளும். எப்போதாவது ஒரு முறை, மீத்தேனிலிருந்து ஓர் ஹைட்ரஜன் கழன்று உண்டான மெதில் துணுக்கு அந்த இடத்தில் வந்து விழும். அப்புறம் அதன் மேலிருக்கும் ஹைட்ரஜன்களையும் மற்ற ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்க, அந்தக் கார்பன் பக்கத்துக் கார்பன்களோடு பிணைந்து வைர வரிசையில் சேர்ந்துவிடுகிறது.

தப்பான வடிவில் வந்து ஒட்டும் கார்பனின் கதை வேறு. கிராஃபைட்டாகப் படிந்ததை ஹைட்ரஜன் அரித்து, வாயுவாக்கித் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடும். வைரத்தையும் அது அரிக்கத்தான் செய்கிறது, ஆனால் மிக மிக மெதுவாக. இடைவிடாமல் களை எடுத்துக்கொண்டே இருக்கும் வயல் இது. பயிரின் மேலும் அரிவாள் படுகிறது, ஆனால் களைதான் வேரோடு போகிறது. மிஞ்சுவது வைரம்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. மோதிரக் கல் அளவுக்கு வளர வாரக்கணக்கில் ஆகும். இதையே அணுக்கணக்கில் பார்த்தால் விநாடிக்கு முப்பது அடுக்கு! ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வோர் அணுவும் அந்தப் பிடுங்கல், விழுதல், பிணைதல் எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். ஒரு காரட் கல்லில் ஒன்றுக்குப் பின் 22 சைபர் போட்ட எண்ணிக்கையில் அணுக்கள்.

இந்த வழியைக் கண்டவர்களின் கதையும் சுவாரசியமானது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் வில்லியம் எவர்சோல் கார்பன் கலந்த வாயுவிலிருந்து வைரம் வளர்த்தார். ஆனால் அவ்வப்போது வேலையை நிறுத்திவிட்டுக் கரியைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வளர்ப்பும் சுத்தமும் ஒரே நேரத்தில் நடக்க ஹைட்ரஜன் அணுக்கள் போதும் என்ற திசையில் வெகுதூரம் போனவர்கள் சோவியத் ரஷ்யாவின் டெர்யாகின் குழுவினர். அவர்கள் சொன்னதை மேற்கில் பலர் நம்பவில்லை. டெர்யாகின்தான் அதற்கு முன் 'பாலிவாட்டர்' என்று ஒரு புதுவகைத் தண்ணீரை ஆதரித்து, கடைசியில் அது வெறும் அழுக்குத் தண்ணீர் என்று ஒப்புக்கொண்டவர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியர்கள் செய்முறையை விளக்கமாக வெளியிட்டு, மற்றவர்களும் செய்து பார்த்த பிறகுதான் உலகம் நம்பியது.

அப்படியானால் பூமி வைரத்தையும் உலை வைரத்தையும் பிரித்தறியவே முடியாதா? முடியும், ஆய்வகத்தில். பூமி வைரங்கள் பெரும்பாலானவற்றில் கொஞ்சம் நைட்ரஜன் கலந்திருக்கும். தனித்தனியாக உள்ளே மாட்டிய அந்த அணுக்கள் பூமியின் சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்து நகர்ந்து ஜோடி சேர்கின்றன, நான்காகவும் கூடுகின்றன. சில வாரத்தில் வளர்ந்த கல்லில் அதற்கு ஏது அவகாசம்? அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஆனால் ராசிக்கல் வியாபாரத்தில் "உலையில் செய்த கல்லுக்குச் சக்தி இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. நம் வீடுகளில் வைரத்தை வாங்கி, சில நாள் வைத்திருந்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த நாட்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பழி கல்லின் மேல். நைட்ரஜன் அணுவுக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது என்பதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

2023 மத்திய பட்ஜெட்டில் ஆய்வக வைர ஆராய்ச்சிக்கு ஐந்தாண்டு நிதி அறிவித்தார்கள். 242 கோடி ரூபாய் சென்னை ஐஐடிக்கு வந்தது. விதையையும் இயந்திரத்தையும் இங்கேயே செய்ய வேண்டும் என்பது நோக்கம். நல்ல விஷயம். ஆனால் அதற்கு நகை ஏற்றுமதியைக் காரணம் காட்டியதுதான் எனக்கு உறுத்தல். நகைக்கல்லின் விலை எப்படிச் சரிகிறது பாருங்கள்: சுரங்க வைரத்தில் பெரிய நிறுவனமான டி பியர்ஸ் 2018இல் காரட் 800 டாலருக்கு ஆய்வக வைர நகை விற்கத் தொடங்கியது, 2025இல் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்துவிட்டது. வைரத்தின் எதிர்காலம் கணினிச் சில்லுகளின் சூட்டைக் கடத்துவதிலும், மிக நுட்பமாக அளக்கும் குவாண்டம் உணரிகளிலும் இருக்கிறது. அறிவியலுக்குக் காசு கேட்க ஒரு மோதிரத்தைச் சாக்காகக் காட்டும் நிலை வரக்கூடாது.

சரி, வயிற்றில் அடிக்கும் விஷயத்துக்கு வருவோம். 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றிதழ், கிளர்ச்சிப் படைகள் போருக்குப் பணம் திரட்ட விற்கும் பட்டை தீட்டாத வைரத்தைத்தான் தடுக்கிறது. அரசுப் படைகளே கொடுமை செய்தால் அது அந்தக் கணக்கில் வராது. 2008இல் ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயல்களில் நடந்தது அதுதான். இன்னொரு பக்கம் போட்ஸ்வானா. அந்த நாட்டின் பள்ளிக்கூடங்களும் சாலைகளும் பெருமளவு வைர வருமானத்தில் வந்தவை. சுரங்க வைரத்தை மொத்தமாக ஒதுக்கினால் அங்கே யாருக்கோ வலிக்கும். உலைக்கும் செலவு உண்டு. 6 கிலோவாட் மைக்ரோவேவ் என்றால் அதற்கு மட்டும் நாளொன்றுக்கு 144 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் அங்கே ஒரு நாளுக்குக் காணாது. ஒரே கலனில் பல கற்கள் சேர்ந்து வளர்வதால் கல் ஒன்றுக்குப் பங்கு குறையும். ஆனாலும் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவது. எனவே விற்பவரிடம் கேட்க வேண்டியது, உலை எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்பதை. சூரிய மின்சாரம் என்று சொன்னால் இரவில் எது என்றும் கேளுங்கள், உலை இரவிலும் அணைவதில்லை.

தங்கத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. உலகில் மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தின் மிகப்பெரிய மூலம் சிறு தங்கச் சுரங்கங்கள். பொடித்த தாதுவில் பாதரசத்தைக் கலந்து, தங்கத்தை அது பிடித்துக்கொண்டதும் அடுப்பில் வைத்துப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அதைப் பக்கத்திலிருப்பவர்கள் சுவாசிக்கிறார்கள். நம் நகையில் ஹால்மார்க் முத்திரையோடு பொறித்திருக்கும் எச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்து அடையாளக் குறியைச் செயலியில் போட்டுப் பார்த்தால் தங்கத்தின் மாற்றைச் சொல்லும், எந்த மண்ணிலிருந்து வந்தது என்று சொல்லாது. பாட்டியின் நகை என்றால் புதிதாகத் தோண்ட வேண்டியதில்லை, அந்த வகையில் வாசகியின் முடிவு சரி. ஆனால் அதைக் கடையில் மாற்றிக்கொள்ளாமல், தனியாக உருக்கித் தரும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

கல் பதிக்க 22 காரட் கொஞ்சம் மிருது, பிடிப்புகள் தேய்ந்துவிடும். 18 காரட் நல்லது. 4 கிராமில் 18 காரட் மோதிரத்துக்குச் சுத்தத் தங்கம் 3 கிராம். அதாவது சேதாரம் போக, பழைய 916 (22 காரட்) நகையில் சுமார் 3.3 கிராம் இருந்தால் போதும், மீதி செம்பும் வெள்ளியும். பத்தர் அதற்கு மேல் கேட்டால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய நகையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்ன 'கேடிஎம்' நகை நினைவிருக்கிறதா? பற்றவைக்கும் பொடியில் கேட்மியம் கலந்தது அது. கேட்மியம் 767 டிகிரியில் கொதித்துவிடும், தங்கம் உருக 1,064 வேண்டும். ஆக, பத்தர் ஊதுகுழலைப் பிடித்துத் தங்கம் சிவக்கும்போதே கேட்மியம் மஞ்சள் கலந்த பழுப்புப் புகையாகக் கிளம்பி அவர் முகத்துக்குப் போகும். நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, புற்றுநோயும் வரும். ஹால்மார்க் நகையில் இப்போது கேட்மியத்துக்கு இடமில்லை, துத்தநாகம் கலந்த பொடி வந்துவிட்டது. ஆனால் பழைய நகையை உருக்கினால் பழைய கேட்மியம் மறுபடி கிளம்பும். பட்டறையில் புகையை இழுக்கும் விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். பற்றுள்ள இடங்களை முதலிலேயே வெட்டி எடுத்துச் சுத்திகரிப்புக்குத் தனியாகக் கொடுத்துவிட்டு, மீதியை மட்டும் உருக்கச் சொல்லுங்கள். சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி பற்று இருக்கும், வெட்டி மாளாது. கெட்டி வளையலில் ஓரிரு இடம்தான். பாட்டியின் பெட்டியில் இரண்டும் இருந்தால் வளையலை எடுத்துக்கொண்டு போங்கள்.