கணினிக்குள் மீத்தேன் ஏன் பற்றிக்கொள்ளவில்லை?

மீத்தேனையும் காற்றையும் 300 கெல்வினில், அதாவது அறை வெப்பநிலையில், ஒரு மூடிய கலனுக்குள் கலந்து வைத்ததாகக் கணினியில் எரிதல் சிமுலேஷனை ஓடவிடுகிறீர்கள். எவ்வளவு நேரம் ஓடினாலும் வெப்பநிலைக் கோடு தரையில் கிடக்கும் கயிறு மாதிரி அசையாமல் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் உடனே மென்பொருளைத்தான் சந்தேகிப்பார்கள், ஆனால் அது சரியாகத்தான் சொல்கிறது. கேஸைத் திறந்துவிட்டால் மட்டும் அடுப்பு எரியுமா, லைட்டர் வேண்டாமா? கலவையை 1,400 கெல்வினில் தொடங்கிப் பாருங்கள், ஒரு விநாடிக்குள்ளேயே கோடு விருட்டென்று மேலேறும்.

சரி, அப்படியும் சரியாக எரியவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது கலவையின் அளவுகளை. மீத்தேன் மிச்சமில்லாமல் எரியத் தேவையான காற்றோடு சேரும்போது மோல் பின்னங்கள், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் ஒவ்வொன்றின் பங்கு, மீத்தேன் 0.095, ஆக்சிஜன் 0.190, நைட்ரஜன் 0.715. இதே மூன்று எண்களை நிறை பின்னம் (எடையில் ஒவ்வொன்றின் பங்கு) கேட்கிற இடத்தில் போட்டுவிட்டால் கூட்டுத்தொகை அப்போதும் 1 தான், அதனால் நிரல் வாயே திறக்காது. ஆனால் மீத்தேனின் மூலக்கூறு எடை 16, ஆக்சிஜனுக்கு 32, ஆகவே ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு எரிபொருள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் கலவையில் மீத்தேன் கிட்டத்தட்ட 16 சதவீதம். காற்றில் மீத்தேன் தீப்பிடிக்கும் வரம்பே 5 முதல் 15 சதவீதம்தான்!

அப்புறம் அலகு. பலரும் பயன்படுத்தும் ஜிஆர்ஐ-மெக் 3.0 என்ற வினைத்தொகுப்பில் (மீத்தேன் எரியும்போது நடக்கும் வேதிவினைகளின் பட்டியல்) 53 வேதிப்பொருட்கள், 325 வினைகள். அதில் ஒரு ஹைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு மோதி, ஆக்சிஜன் அணுவாகவும் ஓஎச் துணுக்காகவும் பிரியும் வினைதான் சுடருக்கு உயிர், ஏனென்றால் துடிப்பான துணுக்கு ஒன்று போய் இரண்டு வருகிறது. அதன் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, மோலுக்கு 17,041 கலோரி. அதை ஜூல் என்று படித்துவிட்டால் தாண்ட வேண்டிய தடை கால்வாசிக்கும் கீழே இறங்கி, எரியக்கூடாத வெப்பநிலையில்கூடக் கலவை எரியத் தொடங்கும். எரியாத சிமுலேஷனைவிட இது மோசம், பார்க்க அழகாக எரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

இன்னொரு தொல்லை, பாதி ஓட்டத்தில் ஏதாவது ஒரு நிறை பின்னம் எதிர்மறையாகி, அடுத்த நொடி கணக்கே சிதறிப் போவது. துணுக்குகளில் சில மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் தோன்றி மறையும், நாம் கவனிக்கும் எரிதலோ மில்லி விநாடிக் கணக்கு. இவ்வளவு வித்தியாசமான வேகங்கள் ஒரே சமன்பாட்டுக் கூட்டத்தில் கிடப்பதால், இப்போதைய நிலையை மட்டும் வைத்து அடுத்ததைக் கணக்கிடும் சாதாரண ஆய்லர் முறையில் நடந்தால் நேரப்படியை (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) நானோ விநாடி அளவுக்குச் சுருக்க வேண்டியிருக்கும். இந்தச் சிக்கலை கர்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதி, பின்னோக்கிப் பார்த்துக் கணக்கிடும் மறைமுக முறையைக் காட்டிவிட்டார்கள். சிவிஓட் போன்ற தீர்ப்பான்கள் (சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருட்கள்) அந்த வழியில் வந்தவை, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷ்ஷையும், அதாவது கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையையும், பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேன் சுடரின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான், உங்கள் கட்டம் ஒரு மில்லிமீட்டர் என்றால் சுடர் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

பெரிய பர்னருக்குப் போகுமுன் ஒரே திசையில் மட்டும் கணக்கிடும் ஒரு பரிமாணச் சுடர் ஒன்றை 300 கெல்வின், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஓட்டுங்கள். சுடர் பரவும் வேகம் விநாடிக்கு 40 சென்டிமீட்டரை ஒட்டியும், எரிந்த வாயு 2,230 கெல்வினை ஒட்டியும் வர வேண்டும். வேகம் 60 என்று வந்தால் பர்னர் கோப்பைத் தொடாதீர்கள், மறுபடி கலவையிலிருந்து ஆரம்பியுங்கள்.