பவளம் பதித்த வெள்ளியைப் புளியில் ஊறப் போடாதீர்கள்

பழைய நகைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். மொராக்கோ, அல்ஜீரியா பக்கம் போய் வந்தவர்கள் அங்கே வாங்கிய வெள்ளி நகைகளையும் கொண்டு வருவார்கள். "கறுத்துப் போச்சு, பளபளன்னு ஆக்கிக் குடுங்க" என்பார்கள். அதற்குள் வீட்டில் புளி, எலுமிச்சை, பற்பசை எல்லாம் போட்டுப் பார்த்திருப்பார்கள். கொலுசு தாங்கும். இவை தாங்காது.

அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியில், ஆத் யென்னி ஊர்ப் பட்டறைகளில் செய்யும் 'தப்சிம்த்' என்ற வட்ட ஊக்கைப் பாருங்கள். வெள்ளித் தகட்டின்மேல் மெல்லிய கம்பியை வளைத்துப் பற்றவைத்து, அந்தக் குட்டிக் கட்டங்களில் நீலம், பச்சை, மஞ்சள் எனாமல், அதாவது வண்ணக் கண்ணாடிப் பொடி, நிரப்பிச் சுடுவார்கள். இடையிடையே குமிழ் குமிழாகச் செம்பவளம். ஆண் குழந்தை பெற்றவள் இதை நெற்றியில் அணிவது அங்கே பழைய வழக்கம்.

பவளம் முக்கால்வாசி சுண்ணாம்புச் சத்துதான், அதாவது கால்சியம் கார்பனேட். புளியின் அமிலம் பட்டால் அரிக்கும். மெருகு போய் வெளிறிவிடும். போன மெருகை யாராலும் அப்படியே திருப்பித் தர முடியாது. கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவங்களிலும் பல அமிலம் கலந்தவையே. எனாமலோ கண்ணாடி. கொதிநீரிலோ ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியிலோ போட்டால், முன்பே விழுந்திருக்கும் விரிசல் வழியாகச் சில்லுச் சில்லாகப் பெயரும்.

கறுப்பு முழுக்கப் போகவும் கூடாது. மொராக்கோவின் திஸ்னித் பக்கத்து முக்கோண ஊக்குகளில், செதுக்கிய கோடுகளுக்குள் தங்கிய கறுப்புதான் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டுகிறது. தேய்க்கத் தேய்க்க வெள்ளியும் சேர்ந்தே போகும்.

இன்னொன்று. அந்த ஊக்குகள் தைக்காத துணியை இரு தோளிலும் பிடித்து நிறுத்துபவை. அதனால்தான் ஜோடியாக, நடுவே சங்கிலியோடு வருகின்றன. இரண்டு மகள்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? காய்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடையுங்கள், போதும். கம்பளியில் சுற்றாதீர்கள், ரப்பர் பேண்டும் வேண்டாம். இரண்டிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பட்டறையில் கொடுக்கும்போது "பவளமும் எனாமலும் இருக்கு, நெருப்பு காட்டாதீங்க, ஆசிட்ல போடாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.